உச்சவரம்பு இலக்கணம்

மாநில அரசுகள் மருத்துவக் காப்பீட்டுக்குச் செய்யும் செலவைப் பற்றி எழுதியவர்கள் பலர். பட்ஜெட் உரை எழுதுபவர் ஒதுக்கீட்டைச் சொல்வார். தணிக்கையாளர் நடந்து முடிந்ததைச் சொல்வார். தேர்தல் அறிக்கை எழுதுபவர் லட்சத்தைச் சொல்வார். மூவரும் ஒரே பணத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்பதை அவர்கள் எழுத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. இக்குறை நீங்கும் பொருட்டுச் சூத்திரமும் உரையுமாக இச்சிறுநூல் செய்யப்படுகிறது. சூத்திரம் செய்தவரும் உரை எழுதியவரும் ஒருவரே. ஆகவே இரண்டும் எங்காவது முரண்பட்டால் அதைப் பாடபேதம் எனக் கொள்க.

நூல்கள் முதல், வழி, சார்பு என மூவகைப்படும். இத்துறையில் முதனூல், 2007 ஏப்ரலில் ஆந்திரத்தில் ஒய்.எஸ். ராஜசேகர ரெட்டி தொடங்கிய ராஜீவ் ஆரோக்கியஸ்ரீ. வழிநூல், 2009 ஜூலையில் தமிழ்நாட்டில் வந்த கலைஞர் காப்பீட்டுத் திட்டம். சார்புநூல், 2018 செப்டம்பரில் ராஞ்சியில் பிரதமர் தொடங்கிவைத்த ஆயுஷ்மான் பாரத். சார்புநூல் தன்னையே முதனூல் என்று சொல்லிக்கொள்வது இலக்கணத்தில் இல்லை, விளம்பரத்தில் உண்டு. கர்நாடகத்தின் யசஸ்வினி 2003லேயே வந்துவிட்டதே என்பாரும் உளர். அதில் கூட்டுறவுச் சங்க உறுப்பினர்கள் சந்தா கட்ட வேண்டியிருந்தது. பயனாளி காசு கட்டும் திட்டத்தில் யார் படத்தையும் பெரிதாகப் போட முடியாது என்பதால் பிற்கால ஆசிரியர்கள் அதை முதனூலாக ஏற்றுக்கொள்ளவில்லை.

இனி நூல்.

வரம்பின் உயர்ச்சி வாக்குறுதி ஆகும்;
செலவின் உயர்ச்சி சேர்க்கையின் பாற்றே.

இச்சூத்திரம் என் நுதலிற்றோ எனின், கார்டில் அச்சடித்த லட்சத்துக்கும் கஜானாவிலிருந்து போகும் ரூபாய்க்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்பதை உணர்த்துதல் நுதலிற்று.

உதாரணம் வருமாறு. 2009ல் தமிழ்நாட்டில் ஒரு குடும்பத்துக்கு நான்கு ஆண்டுக்குச் சேர்த்து ஒரு லட்சம் ரூபாய் காப்பீடு. அதாவது ஆண்டுக்கு இருபத்தைந்தாயிரம். அரசு, காப்பீட்டு நிறுவனத்துக்குக் கட்டிய பிரீமியம் குடும்பத்துக்கு ரூ.469, அதன் தலையில் சேவை வரி. ஒரு கோடிக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.517 கோடி. 2022 ஜனவரியில் புதுப்பித்தபோது ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம், பிரீமியம் ரூ.849. வரம்பு இருபது மடங்கு ஆகியிருக்கிறது. பிரீமியம் இரண்டு மடங்கைக்கூடத் தொடவில்லை. இடையில் பன்னிரண்டரை ஆண்டு விலைவாசி வேறு ஏறியிருக்கிறது. இங்கு நடப்பது கலப்பு முறை, பெரிய பில்லில் ஒரு பகுதியை நிறுவனத்தின் தலையில் கட்டாமல் அரசே ஏற்கிறது என்று ஒருவர் இடைமறிக்கலாம். சரிதான். ஆனால் அரசு அதைத் துணிந்து ஏற்பதற்குக் காரணமும் இந்தச் சூத்திரம்தான்.

காரணம் சிறியது. நாடு முழுவதும் ஆயுஷ்மான் பாரத்தில் 2023 முடிய ஆறு கோடிக்குச் சற்று மேல் ஆஸ்பத்திரிச் சேர்க்கை. அதற்கான தொகை சுமார் 78,000 கோடி ரூபாய். வகுத்துப் பார்த்தால் ஒரு சேர்க்கைக்குப் பதின்மூன்றாயிரத்தை ஒட்டி வருகிறது. கண்புரை, குடல்வால், டயாலிசிஸ், எலும்பு முறிவு, கீமோவில் ஒரு சுற்று. ஒவ்வொன்றுக்கும் பேக்கேஜ் என்று ஒரு விலை முன்கூட்டியே எழுதிவைத்தாயிற்று. ஐந்து லட்சத்தைத் தொட்டுப் பார்க்கிற குடும்பம் ஆயிரத்தில் எத்தனை? கல்யாண மண்டபத்து வாசலில் "ஐயாயிரம் பேர் அமரலாம்" என்று எழுதிப்போட்டாலும் சாம்பார் என்னவோ வருகிற ஆளுக்குத்தான் வைக்கிறார்கள்.

இதை முதலில் புரிந்துகொண்டது ராஜஸ்தான். அங்கே சிரஞ்சீவி திட்டம் 2021ல் ஐந்து லட்சத்தில் தொடங்கி, 2022 பட்ஜெட்டில் பத்தாகி, 2023 பட்ஜெட்டில் இருபத்தைந்தானது. அதே ஆண்டு டிசம்பரில் ஆந்திரமும் ஆரோக்கியஸ்ரீயை இருபத்தைந்து லட்சமாக்கியது. ராஜஸ்தானில் 2023 இறுதியில் ஆட்சி போயிற்று. ஆந்திரத்தில் 2024ல் போயிற்று. இருபத்தைந்து லட்சத்தை எட்டிய இவ்விரண்டு ஆட்சிகளும் அடுத்த தேர்தலைத் தாண்டவில்லை. இரண்டே உதாரணத்தை வைத்து விதி செய்யக் கூடாது என்பது புள்ளியியல். அதை விட்டால் வேறு உதாரணம் கையில் இல்லை என்பது இந்நூலாசிரியர் நிலைமை.

அப்படியானால் செலவு எதில்தான் ஏறும்? எத்தனை பேர் சேர்கிறார்கள், ஒரு பேக்கேஜுக்கு என்ன விலை, யாரெல்லாம் பயனாளி, இவற்றில் ஏறும். சிக்கனமான நிதிச் செயலாளர் கைவைக்கக்கூடிய இடமும் இவைதான். மேடையில் வரம்பை ஏற்றிவிட்டு, ஆபீஸில் பேக்கேஜ் விலையை ஆண்டுக்கணக்கில் அப்படியே வைத்திருப்பது சிறந்த நிர்வாகம் எனப்படும்.

பயனாளி யார் என்பது தனி இயல் செய்யத்தக்கது. இடமின்மையால் சுருங்கக் கூறுவோம். தமிழ்நாட்டில் குடும்ப ஆண்டு வருமானம் ரூ.72,000க்குள் இருக்க வேண்டும் என்றிருந்தது, பிறகு ரூ.1,20,000 ஆயிற்று. வி.ஏ.ஓ. சான்று தர வேண்டும். மாநிலத்தில் ஏறத்தாழ இரண்டேகால் கோடி ரேஷன் கார்டு; காப்பீட்டில் இருக்கும் குடும்பங்கள் ஒன்றேகால் கோடியைத் தாண்டும். அதே மாநிலத்தின் தனிநபர் வருமானம் ஆண்டுக்கு மூன்று லட்சத்துக்கு மேல் என்று பொருளாதார ஆய்வறிக்கை பெருமையோடு சொல்கிறது. தலைக்கு மூன்று லட்சம் சம்பாதிக்கும் நாட்டில் பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் எல்லோரும் சேர்ந்தே ஒரு லட்சத்து இருபதாயிரத்தைத் தாண்டவில்லை. இரண்டும் அரசு முத்திரை பதித்த தாள்கள். எனவே இரண்டும் உண்மை.

இந்தச் சான்றைப் பார்த்துச் சிரிப்பவர்கள், அது இல்லாமல் பெரியாஸ்பத்திரியில் எம்.ஆர்.ஐ. வரிசையில் நின்றிருக்க மாட்டார்கள். கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் காப்பீட்டு அட்டை எடுக்கும் அறையைப் போய்ப் பாருங்கள். குடும்பத்தலைவர் நேரில் வர வேண்டும். அவரோ அப்போதுதான் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் வென்டிலேட்டரில் இருப்பார். "அவர் படுத்திருக்கார் சார்" என்றால், "அப்ப ஆஸ்பத்திரில லெட்டர் வாங்கிட்டு வாங்கம்மா" என்பார் கணினி முன்னால் இருக்கும் பையன். அவன் மேலும் தப்பில்லை. நோய் வந்தபிறகு காப்பீடு எடுப்பது உலகில் எந்தக் காப்பீட்டு சாஸ்திரத்திலும் கிடையாது. நம் ஊரில் அதுதான் நடைமுறை, அதுதான் இத்திட்டத்தின் பெரிய கருணையும்கூட.

அமெரிக்காவில் இதே சிக்கனத்தைச் சற்று நாகரிகமாகச் செய்தார்கள். ஏழைகளுக்கான மெடிக்கெய்டு காப்பீடு வேண்டுமானால் வேலை செய்கிறேன் என்று மாதந்தோறும் இணையத்தில் பதிய வேண்டும் என்று 2018ல் ஆர்கன்சா மாநிலம் விதித்தது. அந்த இணையதளத்துக்கு வேலை நேரம் உண்டு: இரவு ஒன்பது முதல் காலை ஏழு வரை பூட்டிவைத்தார்கள். பகலெல்லாம் வேலை செய்துவிட்டு, வேலை செய்ததை இரவில் பதிய உட்கார்ந்தவருக்குக் கடை மூடியிருக்கும். சில மாதங்களில் பதினெட்டாயிரத்துக்கு மேற்பட்டோர் காப்பீட்டை இழந்தார்கள். அடுத்த ஆண்டு நீதிமன்றம் தடுத்துவிட்டதால் இந்த முறை அப்போது முழு வளர்ச்சி அடையவில்லை.

ஈண்டு மாணாக்கன் ஒருவன் கேட்கலாம்: சேர்க்கைதானே செலவு, அப்படியானால் சேர்க்கையே வராமல் பார்த்துக்கொண்டால் என்ன? சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை ஒழுங்காகக் கிடைத்தால் பக்கவாதமும் சிறுநீரகக் கோளாறும் குறையுமே? நல்ல கேள்வி. ஆனால் வெளிநோயாளிச் செலவு காப்பீட்டில் வராது. ஆயுஷ்மான் விதிப்படி ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முன் மூன்று நாள், வீடு திரும்பியபின் பதினைந்து நாள், அவ்வளவுதான். மாத்திரைக்குக் கார்டு இல்லை, பக்கவாதத்துக்கு உண்டு. மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கும் மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டத்தைத் தமிழ்நாடு 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. அது வேறு தலைப்பு, வேறு பட்ஜெட். அதில் மிச்சமாகும் பணம் இதில் தெரியாது. நடக்காத பக்கவாதத்துக்குப் பயனாளி என்று யாரைப் பிடித்து மேடையில் நிறுத்துவது?

அடுத்த சூத்திரம்.

சென்ற பொருளே திரும்பும் ஆயின்
செலவென மொழியார் செலவறி புலவர்.

தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளில் ஏழைக்கு ஏற்கெனவே சிகிச்சை இலவசம். டாக்டருக்குச் சம்பளம் மாநில அரசு தருகிறது. கட்டடம் அரசுடையது, மருந்து அரசு மருத்துவப் பணிகள் கழகம் வாங்கித் தருவது. இந்த ஆஸ்பத்திரியும் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு மருத்துவமனை. ஆகவே மாநில அரசு பிரீமியத்தை யுனைடெட் இந்தியா என்ற மத்திய அரசு நிறுவனத்துக்குக் கட்டும். அந்த நிறுவனம், மாநில அரசின் ஆஸ்பத்திரியில், மாநில அரசின் டாக்டர், மாநில அரசின் கத்தியால் செய்த ஆபரேஷனுக்கு மாநில அரசின் ஆஸ்பத்திரிக்குப் பணம் தரும். வழியில் விண்ணப்பம், முன் அனுமதி, பரிசீலனை, ஆட்சேபம், மறுவிண்ணப்பம் எல்லாம் உண்டு.

கேலி செய்வதற்கு முன் வார்டுக்குள் போய்ப் பார்க்க வேண்டும். காலைச் சுற்று முடிந்ததும் கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய பெண் ஒருவர் செல்போனோடு கட்டில் கட்டிலாக வருவார். கேஸ் ஷீட்டை நோயாளி நெஞ்சின் மேல் நிமிர்த்தி வைத்து, "பாட்டி, கொஞ்சம் இந்தப் பக்கம் பாருங்க, கண்ணை மூடக் கூடாது" என்பார். படம் சரியாக விழவில்லை என்றால் அனுமதி வராது. தையலுக்கும் ஒரு படம். பாட்டி முந்தானையைச் சரிசெய்துகொண்டு, ஏதோ கல்யாண ஆல்பத்துக்கு மாதிரி, நேராகப் பார்ப்பார். அந்தப் படம் கணினியில் ஏறி, எங்கேயோ ஒரு டாக்டர் பார்த்து, பாட்டி உண்மைதான் என்று ஒப்புக்கொண்டால், சில வாரம் கழித்து ஆஸ்பத்திரிக் கணக்கில் பணம் விழும். அந்தப் பணத்தில் பழுதான மானிட்டரை மாற்றலாம், ஊழியருக்கு ஊக்கத்தொகை தரலாம். மானிட்டர் வேண்டும் என்று கண்காணிப்பாளர் நேராகக் கேட்டு எழுதினால் கோப்பு நிதித்துறைக்குப் போய்க் குடியுரிமை வாங்கிவிடும். காப்பீடு வழியாகச் சுற்றிவந்தால் அதே நிதித்துறையின் அதே பணம் கைக்கு வருகிறது. தன் பணத்தைத் தன்னிடமிருந்தே வாங்க அரசு கண்டுபிடித்த ஒரே வழி என்ற வகையில் இத்திட்டத்தை உரைகாரர் மனமாரப் பாராட்டுகிறார்.

சுழற்சியில் உலகச் சாதனை நம்முடையதல்ல. மெடிக்கெய்டில் மாநிலம் செலவழித்ததாகக் கணக்குக் காட்டினால் அமெரிக்க மத்திய அரசு தன் பங்கைச் சேர்க்கும். எப்படியும் பாதிக்குக் குறையாது. 1993ல் மிச்சிகன் மாநிலம் மத்தியப் பங்கு 15.5 கோடி டாலரையும் சேர்த்து 27.7 கோடி டாலரை உள்ளாட்சி மருத்துவ நிலையங்களுக்கு அனுப்பியது. அதே நாளில் அந்நிலையங்கள் 27.1 கோடியை மாநிலத்துக்குத் திருப்பி அனுப்பின. காலையில் 12.2 கோடி போட்டு மாலையில் 27.1 கோடி எடுத்தாயிற்று. ஒரு நோயாளிகூடக் கூடுதலாக இருமவில்லை. அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு இதைப் படம் வரைந்து விளக்கியிருக்கிறது.

ஆயுஷ்மானில் நம்முடைய மத்திய-மாநிலப் பங்கு 60க்கு 40. அறுபதும் எல்லோருக்கும் அல்ல. 2011 சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பில் ஏழை என்று பெயர் வந்த குடும்பத்துக்கு மட்டும், அதுவும் மத்திய அரசு வைத்த தொகை வரம்புக்குள் மட்டும். அந்தப் பட்டியலுக்கு வெளியே தமிழ்நாடு சேர்த்துக்கொண்ட குடும்பங்களின் செலவு முழுக்க தமிழ்நாட்டுடையது. 2024 செப்டம்பரில் எழுபது வயது நிறைந்த எல்லோருக்கும், வருமானம் பாராமல், ஆயுஷ்மான் உண்டு என்று அறிவிப்பு வந்தது. அறிவிப்பு நூறு சதவீதம் டெல்லியில், செலவில் நாற்பது சதவீதம் மாநிலத்தில். பெரியவர்களுக்கு நல்லதுதான். நாற்பது தரும் வீட்டில் ஒரு வார்த்தை கேட்பது மரியாதை என்பதை விதியாக எழுதிவைக்க மறந்துவிட்டார்கள்.

தாராத் தொகையும் தந்ததே ஆகும்,
தருதும் என்னும் சொல்லுள வழியே.

இது நிலுவையின் இலக்கணம். மாநிலத்துக்குள் நடந்த சிகிச்சைக்குப் பதினைந்து நாளில், வேறு மாநிலத்தில் நடந்ததற்கு முப்பது நாளில் ஆஸ்பத்திரிக்குப் பணம் போய்ச் சேர வேண்டும் என்பது ஆயுஷ்மான் விதி. விதி நல்ல விதி. பஞ்சாபில் 2021 இறுதியில் காப்பீட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம் முறிந்தது, நிலுவை ஏறியது, 2022 ஆகஸ்டில் சண்டிகர் பி.ஜி.ஐ. மருத்துவமனையே பஞ்சாபின் ஆயுஷ்மான் நோயாளிகளுக்குக் கதவைச் சாத்தியது. பிறகு பணம் வந்தது, கதவும் திறந்தது. கேரளம் 2020ல் நிறுவனத்தை விலக்கிவிட்டு அரசு முகமையே நேரடியாகப் பணம் கட்டும் முறைக்குப் போனது. நிலுவைப் புகார் அங்கும் கூடவே போனது. முதனூல் பிறந்த தெலுங்கு மண்ணில், 2025 செப்டம்பரில் தெலங்கானாவின் தனியார் மருத்துவமனைகள் ஆயிரம் கோடிக்கு மேல் பாக்கி என்று சொல்லி ஆரோக்கியஸ்ரீ சேவையை நிறுத்தின. நிறுவனம் நடத்தினால் லாபம் பார்க்கிறது என்பர். அரசே நடத்தினால் பாக்கி வைக்கிறது என்பர். இரண்டும் சேர்ந்து நடத்துவது கலப்பு முறை.

இந்த நிலுவை வட்டியில்லாக் கடன். கடன் கொடுத்தவர் ஆஸ்பத்திரிக்காரர். பெரிய ஆஸ்பத்திரி தாங்கும். தாலுகா டவுனில் முப்பது படுக்கை வைத்திருக்கும் டாக்டர் நர்ஸுக்குச் சம்பளம் கொடுக்க வங்கிக்கு ஓடுவார், அல்லது வேறு வழி தேடுவார். அந்த வழி பில் கவுண்டரில் திறக்கிறது. "ஆபரேஷனுக்கு அப்ரூவல் வந்துடுச்சுண்ணா, அதுல பிரச்சினை இல்ல. ஸ்கேனும் வெளி மருந்தும் கார்டுல வராது. ஒரு இருபத்தஞ்சு கட்டிடுங்க." ரசீது கேட்டால் துண்டுச் சீட்டில் எழுதித் தருவார்கள். திட்ட விதிப்படி காப்பீட்டு நோயாளியிடம் ஒரு ரூபாய் வாங்கக் கூடாது. ஆகவே அந்த இருபத்தைந்தாயிரம் எந்தக் கணக்கிலும் ஏறாது. அரசின் செலவிலும் வராது, ஆஸ்பத்திரியின் வரவிலும் வராது. நோயாளியின் மகன் அடகுக்கடையில் வைத்த வளையல் கணக்கில் மட்டும் வரும். பேக்கேஜ் விலையை உயர்த்தாமலும் உரிய நாளில் தராமலும் அரசு மிச்சம் பிடித்த பணம் இந்த வளையல்தான்.

இனி ஒரு பகுதிக்கு உரைகாரர் சூத்திரம் செய்யவில்லை. 2008ல் மத்திய அரசு ராஷ்ட்ரிய ஸ்வாஸ்த்ய பீமா என்ற திட்டம் கொண்டுவந்தது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு முப்பதாயிரம், பதிவுக்கு முப்பது ரூபாய், மாநிலப் பங்கு கால் பகுதி. கார்டில் பணம் இருக்கிறது, உடம்பில் அதற்கேற்ற உறுப்பு வேண்டும். 2012ல் பிஹாரின் சமஸ்திபூரில் தேவையே இல்லாமல் பெண்களுக்குக் கர்ப்பப்பை அகற்றியது வெளிவந்தது. வயிற்றுவலி என்று வந்த இளம்பெண்களும் அவர்களில் இருந்தார்கள். பிஹார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் குறித்துப் போடப்பட்ட பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில், இதைத் தடுக்கும் வழிகாட்டு நெறிகளை மாநிலங்கள் மூன்று மாதத்தில் ஏற்க வேண்டும் என்று சொன்னது. அந்தப் பெண்களின் பேக்கேஜ் தொகை எல்லாம் அரசுக் கணக்கில் சிகிச்சைச் செலவாகத்தான் ஏறியது.

பெயர்மாற் றத்துக்குப் பேக்கேஜ் இன்றே.

ஓரடிச் சூத்திரம், உரையும் சுருங்கும். ஆந்திரத்தில் ராஜீவ் ஆரோக்கியஸ்ரீ 2014க்குப்பின் என்.டி.ஆர். வைத்திய சேவை ஆயிற்று, 2019ல் ஒய்.எஸ்.ஆர். ஆரோக்கியஸ்ரீ, 2024ல் மறுபடி டாக்டர் என்.டி.ஆர். வைத்திய சேவை. ராஜஸ்தானில் சிரஞ்சீவி போய், மா என்று சுருங்கும் நீளப்பெயர் வந்தது. மேற்கு வங்கம் 2019 ஜனவரியில் ஆயுஷ்மானிலிருந்தே விலகியது. பிரதமர் படம் போட்ட கடிதம் வீட்டுக்கு வீடு போகிறது, பணத்தில் எங்கள் பங்கும் இருக்கிறது என்பது காரணம். தமிழ்நாடோ 2012ல் ஒரு நுட்பம் செய்தது. ஆளின் பெயரை விட்டுவிட்டு "முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம்" என்று பதவியின் பெயரை வைத்தார்கள். 2021ல் ஆட்சி மாறியபோது பெயரை மாற்றவே வேண்டியிருக்கவில்லை. கார்டில் படம் மாறினால் போதும். பதினான்கு சூத்திரத்தில் சொல்ல வேண்டியதை ஆறாம் வேற்றுமை ஒன்றால் முடித்துவிட்டார்கள். இந்நூலில் நிர்வாகத்தை உள்ளபடியே புகழும் இடம் இது.

எஞ்சியது தணிக்கை. 2023ல் இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் ஆயுஷ்மான் பாரத் பற்றி நாடாளுமன்றத்தில் வைத்த அறிக்கை இத்துறையின் மிகச்சிறந்த உரைநடை. 7,49,820 பயனாளிகளுக்கு ஒரே செல்போன் எண். அந்த எண் பத்து ஒன்பதுகள். எட்டுகளை மட்டும் வைத்த எண்ணுக்கு இன்னும் 1,39,300 பேர். சரிபார்ப்புக்கு செல்போன் எண்ணை நம்பியிருக்கவில்லை என்று சுகாதார அமைச்சகம் விளக்கம் தந்தது. பதினோரு பேர் முதல் 201 பேர் வரை உறுப்பினராக உள்ள குடும்பங்கள் 43,197 இருந்தன. கூட்டுக்குடும்பம் அழிந்துவிட்டது என்று வருந்தும் பத்திரிகையாளர்கள் இந்த எண்ணிக்கையைப் பார்த்துக் கொஞ்சம் ஆறுதல் அடையலாம்.

அதே அறிக்கையில் இன்னொரு கணக்கு. ஏற்கெனவே இறந்துவிட்டதாகப் பதிவான 3,446 பேருக்குச் சிகிச்சை தந்ததாக 3,903 கோரிக்கைகளுக்கு ரூ.6.97 கோடி பட்டுவாடா ஆகியிருக்கிறது. வகுத்துப் பார்த்தால் ஒரு கோரிக்கைக்கு ரூ.17,800 சொச்சம். உயிரோடிருப்பவருக்கு நாட்டுச் சராசரி பதின்மூன்றாயிரத்தை ஒட்டி என்று மேலே கண்டோம். இறந்தவரைக் காப்பாற்றுவது கடினம் என்பதால் கட்டணம் அதிகம் என்றே கொள்ள வேண்டும்.

புறனடை: இந்நூலில் கூறியதால் இத்திட்டங்கள் வீண் என்று பொருள் கொள்ளற்க. இதய ஆபரேஷனுக்கு நிலத்தை விற்ற தலைமுறை நம் கண்முன்னாலேயே இருக்கிறது. கார்டு வந்தபின் அதை விற்காமல் தப்பியவர்களும் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். இதனால் அரசு திவாலாகிவிடும் என்று அலறுகிறவர்களுக்கு ரூ.849ஐ நினைவூட்டுக. இதனால் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று முழங்குகிறவர்களுக்கு பில் கவுண்டரைக் காட்டுக.

அடுத்த தேர்தலில் ஒரு வேட்பாளர் உங்கள் வாசலுக்கு வந்து, காப்பீட்டை ஐம்பது லட்சமாக்குவோம் என்பார். ஐம்பது லட்சத்துக்குச் செலவில்லை என்று உங்களுக்கு இப்போது தெரியும். அவரிடம் மூன்று எண்களை மட்டும் கேளுங்கள்: ஆஸ்பத்திரிகளுக்கு இன்றைய தேதியில் பாக்கி எவ்வளவு, பேக்கேஜ் விலையை எந்த ஆண்டு கடைசியாக உயர்த்தினீர்கள், சென்ற ஆண்டு கார்டு வைத்திருந்தும் கைக்காசு கட்டியவர்கள் எத்தனை பேர். பதில் தெரியாவிட்டால் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தனுப்புங்கள்.